ஊறவைத்த கொண்டைக்கடலையை எதற்குத் தின்றார்கள்?

சென்ற இதழில் வந்த கட்டுரையின் சாரம் இவ்வளவுதான். பளு தூக்கும் பையன்கள் புரதம், புரதம் என்று அலைவது கம்பெனிகள் கிளப்பிவிட்ட பீதி. நம் தாத்தாக்கள் பழைய சோறும் வெங்காயமும் தின்றே நெல்மூட்டை சுமந்தார்கள். கடலூர் மீனவர்கள் எந்தப் பவுடரைக் குடித்துக் கரைவலை இழுத்தார்கள்? வள்ளலார் வாழ்ந்த மண்ணில் முட்டைக்கும் கறிக்கும் என்ன வேலை? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே (ஐ.சி.எம்.ஆர்.) உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் போதும் என்று சொல்லிவிட்டது. அதற்கு மேல் தின்றால் சிறுநீரகம் போய்விடும். டப்பாவில் வருவதெல்லாம் கலப்படம்.

ஏழு வாதங்கள். தேறுவது ஒன்று. அந்த ஒன்றையும் தப்பான முடிவுக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

மீனவரிடமிருந்து தொடங்குகிறேன். இத்தனை துணிச்சலான வாதத்தை நான் சமீபத்தில் படித்ததில்லை. தேவனாம்பட்டினத்திலும் சோனாங்குப்பத்திலும் தாழங்குடாவிலும் வலை இழுத்தவர்கள் என்ன குடித்தார்கள் என்று கேட்கிறார். குடித்தது இருக்கட்டும், தின்றது என்ன? வஞ்சிரமும் இறாலும் ஏலத்துக்குப் போயின. விலைபோகாத கவலையும் காரப்பொடியும் நெத்திலியும் வீட்டுக் குழம்புச்சட்டிக்கு வந்தன. கடலுக்குப் போகமுடியாத புயல் நாட்களில் கருவாடு. 100 கிராம் பச்சை மீனில் சுமார் 18 கிராம் புரதம் இருக்கிறது; கருவாட்டில் நீர் வற்றிவிடுவதால் அதே எடைக்கு அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். இந்தக் கடலூர் மாவட்டத்தில் தினமும் தரமான புரதம் தின்று வளர்ந்த கூட்டம் ஒன்று உண்டென்றால் அது கடலோரக் குப்பங்கள்தான். மீனவரைக் காட்டிப் புரதம் வேண்டாம் என்பது, நெய்வேலியைக் காட்டி நிலக்கரி இல்லாமலே மின்சாரம் வரும் என்பதைப் போல.

அடுத்து தாத்தா. தாத்தா வராமல் இந்த மாதிரிக் கட்டுரைகள் முடிவதே இல்லை. சரி, தாத்தாவையே உட்கார வைத்துக் கேட்போம். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் ஏர் ஓட்டி, அண்டை வெட்டி, கட்டுத் தூக்கிய மனிதர் ஒரு நாளைக்கு 600 கிராம் அரிசியை அநாயாசமாகச் சாப்பிட்டார். 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 8 கிராம் புரதம். ஆக, சோற்றிலிருந்து மட்டும் 47, 48 கிராம். விருத்தாசலம் பக்கம் கம்பங்கூழ் என்றால் கணக்கு இன்னும் கூடும். இதோடு நின்றாரா? சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னதாகவே ஈரவயலில் உளுந்தையும் பச்சைப்பயறையும் தெளித்துவிடுவது இந்தப் பக்கத்துப் பழக்கம். பனி ஈரத்திலேயே அது விளைந்துவிடும். வீட்டுக் குதிரில் நெல்லுக்குப் பக்கத்தில் உளுந்துப் பானை இருந்தது. உளுந்தங்களி பண்டிகைப் பலகாரமல்ல, வேலை செய்கிறவர் சாப்பாடு. வாய்க்காலில் குரவையும் கெளுத்தியும், வரப்பில் நண்டும் நத்தையும் காசில்லாமல் கிடைத்தன. பூச்சிமருந்து வந்து வயலைக் கழுவித் துடைக்கும்வரை அது ஏழையின் கறிக்கடை.

கட்டுரையாளர் இதையெல்லாம் அழித்துவிட்டுப் பழைய சோற்றை மட்டும் விட்டுவைக்கிறார். பழைய சோற்றின்மேல் எனக்குக் கோபமில்லை. குடல் நோய்க்கு அது உதவுமா என்று சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் ஆய்வே நடந்திருக்கிறது. ஆனால் ராத்திரி முழுக்க ஊறினாலும் சோற்றில் புரதம் குட்டி போடாது. ஒரு சொம்புப் பழையதில் 200 கிராம் சோறு இருந்தால் 5 கிராம் புரதம் இருக்கும், அவ்வளவுதான். தாத்தா தின்ற அளவைத் தாத்தாவோடு அனுப்பிவிட்டு, அவர் பெயரை மட்டும் பேரன் தட்டில் பரிமாறுகிறார் நம் அன்பர். பேரன் நாள் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் ஒரு மணி நேரம் இரும்பு தூக்குகிறவன். 600 கிராம் அரிசி தின்றால் தொப்பைதான் வளரும். குறைந்த சோற்றில் அதே புரதம் வேண்டுமென்றால் தட்டில் வேறு ஏதாவது இருக்கவேண்டும் என்பது ஐந்தாம் வகுப்புக் கணக்கு.

பழைய தேகப் பயிற்சிச் சாலைகளையும் சாட்சிக்கு அழைத்திருக்கிறார். கரலாக்கட்டை சுற்றினார்கள், தண்டால் எடுத்தார்கள், பஸ்கி போட்டார்கள். பயிற்சி முடிந்ததும் ஒரு கைப்பிடி ஊறவைத்த கொண்டைக்கடலை, ஒரு டம்ளர் பால், அவ்வளவுதான் என்கிறார். ஐயா, அதைத்தானே நாங்களும் சொல்கிறோம்! அந்தக் கொண்டைக்கடலையை எதற்குத் தின்றார்கள், மணத்துக்கா? முதல் நாள் ராத்திரியே ஊறப்போட்டு, முளை எட்டிப் பார்க்கும் நேரத்தில் மென்று, மேலே பாலையும் குடித்தவனுக்கு ஆய்வகம் தெரியாது. எதைத் தின்றால் உடம்பு தேறும் என்பது தெரிந்திருந்தது. இவருக்கு ஆய்வகமும் தெரியவில்லை, பயிற்சிச் சாலை வாத்தியார் சொன்னதும் புரியவில்லை.

ஆய்வகம் என்றதும் ஒரு சங்கதி. இவர் பயபக்தியோடு மேற்கோள் காட்டும் ஐ.சி.எம்.ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1958-ல்தான் ஹைதராபாத்துக்குப் போனது. அதற்கு முன் அது இருந்த இடம் நம் குன்னூர். 1920களில் அங்கே ராபர்ட் மெக்காரிசன் ஒரு சோதனை செய்தார். இந்தியாவின் பல பகுதி மக்கள் என்ன சாப்பிடுகிறார்களோ அதையே சமைத்து எலிக்கூட்டங்களுக்குப் போட்டார். சீக்கியர் சாப்பாடு, அதாவது கோதுமை ரொட்டி, பருப்பு, பால், வெண்ணெய், காய்கறி, எப்போதாவது கறி தின்ற எலிகளின் சராசரி எடை 235 கிராமை எட்டியது. பட்டியலின் அடியில் இருந்தது மதராஸிச் சாப்பாடு: தீட்டிய அரிசிச் சோறு, கொஞ்சம் பருப்பு, நீர்மோர், புளி, காபி. அந்த எலிகள் 155 கிராம். வித்தியாசம் முழுவதும் புரதத்தால் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். பால், காய்கறி, தீட்டாத தானியம் எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் நம் தட்டு ஆதியிலிருந்தே குறையற்றது என்கிற பெருமிதத்தை அந்த எலிகள் நூறு வருஷத்துக்கு முன்பே எடைபோட்டுக் காட்டிவிட்டன.

அந்த நிறுவனத்தின் தலைவராக இருந்த சி. கோபாலனையும் கட்டுரையாளர் விட்டுவைக்கவில்லை. சேலத்தில் பிறந்தவர், இந்திய ஊட்டச்சத்து அறிவியலின் பெரிய பெயர். 1960களில் உலகமே ஏழை நாடுகளில் புரதப் பஞ்சம் என்று கூவியபோது, இல்லை, குழந்தைக்கு வயிறாரச் சோறே கிடைக்கவில்லை, சோறும் பருப்பும் போதுமான அளவு கிடைத்தால் புரதமும் கூடவே வந்துவிடும் என்று சொன்னவர் அவர். சொன்னது சரி. யாரைப் பற்றிச் சொன்னார்? எலும்பும் தோலுமாய்க் கிடந்த பஞ்சைக் குழந்தைகளைப் பற்றி. அந்த வரியை அப்படியே பெயர்த்து, 100 கிலோ இரும்பை முதுகில் ஏற்றிக் குந்தி எழுகிறவன் தலையில் கட்டுவது கோபாலனுக்குச் செய்கிற மரியாதையா?

இனி 0.83. கட்டுரையின் தூண் இதுதான், ஆகவே இங்கே கொஞ்ச நேரம் நிற்கவேண்டும்.

இந்த எண் எப்படி வந்தது? ஆரோக்கியமான பெரியவர்கள் உணவில் எவ்வளவு நைட்ரஜன் உள்ளே போகிறது, எவ்வளவு வெளியேறுகிறது என்று அளந்த சோதனைகளிலிருந்து வந்தது. உடல் நஷ்டக் கணக்கில் இறங்காமல் இருக்கச் சராசரியாக கிலோவுக்கு 0.66 கிராம். ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதால், ஏறக்குறைய எல்லாருக்கும் போதுமான அளவாக 0.83. உலக சுகாதார நிறுவனம் 2007-ல் சொன்னதும் இதுதான்; ஐ.சி.எம்.ஆர். 2020-ல் ஏற்றுக்கொண்டதும் இதுதான். அதாவது, பற்றாக்குறை வராமல் காக்கிற எண். தசையை வளர்க்கிற எண் அல்ல. அதுவும் தரமான புரதத்துக்கு. அரிசியையே பெரிதும் நம்பியிருக்கும் சாப்பாட்டுக்கு அதே ஐ.சி.எம்.ஆர். 1 கிராம் வேண்டும் என்கிறது. காரணம், அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பு சேர்ந்தால்தான் அது நிரவப்படும். இந்த 1 கிராமைக் கட்டுரையாளர் பார்க்கவில்லையா, பார்த்தும் விட்டுவிட்டாரா என்பதை அவர்தான் சொல்லவேண்டும்.

மே 2024-ல் வந்த இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியையும் வெற்றிக்கொடி போல ஆட்டுகிறார். உடம்பு வளர்க்கப் புரதப் பவுடர்களைத் தவிர்க்கும்படி அது சொல்வது உண்மை. பளுப் பயிற்சி செய்கிறவர்களுக்குக் கூடுதல் புரதத்தால் கிடைக்கும் பலன் சிறிதுதான் என்றும் சொல்கிறது. அதே பத்தியில், கிலோவுக்கு சுமார் 1.6 கிராமுக்கு மேல் போனால் கூடுதல் பலன் இல்லை என்றும் எழுதியிருக்கிறது. 1.6-க்கு மேல் பயனில்லை என்றால் 1.6 வரை பயன் உண்டு என்றுதானே பொருள்? 0.83-க்குச் சாட்சியாகக் கூட்டிவந்த ஆவணம் அதைப்போல இரண்டு மடங்கை வாயிலேயே வைத்திருக்கிறது. இவர் முதல் வாக்கியத்தோடு மூடிவைத்துவிட்டார்.

அந்த 1.6 எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2018-ல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் மார்ட்டனும் சகாக்களும் 49 ஆய்வுகளை, 1,863 பேரைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்விலிருந்து. பளு தூக்கிக்கொண்டே கூடுதல் புரதமும் எடுத்தவர்களுக்கு, எடுக்காதவர்களைவிட ஒரே மூச்சில் தூக்கக்கூடிய எடை சராசரியாக 2.5 கிலோ கூடியது. கொழுப்பு நீங்கிய உடல் எடை 300 கிராம் கூடியது. 1.62-ல் கோடு மட்டமாகிறது. அந்தக் கோட்டின் நிச்சயமின்மை 1.03 முதல் 2.20 வரை விரிகிறது என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள், ஆகவே 1.6 வேதவாக்கு அல்ல. இரும்பு தூக்குவதுதான் முதல் வேலையைச் செய்கிறது, சாப்பாடு இரண்டாவது. கட்டுரையாளர் அடுத்த முறை எழுதும்போது, பார் 300 கிராம்தானே என்பார். அதற்கும் இப்போதே பதில் சொல்லிவிடலாம். அந்த ஆய்வுகளில் கலந்துகொண்டவர்கள் ஆய்வுக்கு வரும்போதே சராசரியாக ஏறத்தாழ 1.4 கிராம் தின்றுகொண்டிருந்தவர்கள். நிரம்பிய குடத்தில் இன்னும் ஒரு செம்பு ஊற்றினால் எவ்வளவு ஏறும்? நம் பையன் குடத்தின் பாதியில் நிற்கிறான்.

பாதியில்தான் நிற்கிறானா? அண்ணாமலை நகரில் அறை எடுத்துத் தங்கி, மெஸ்ஸில் டோக்கன் வாங்கிச் சாப்பிடும் 60 கிலோ பையன் ஒருவனின் தட்டைப் பாருங்கள். காலையில் நாலு இட்லி, சாம்பார், சட்னி: தாராளமாகப் போட்டாலும் 11 கிராம். மதியம் 150 கிராம் அரிசிச் சோறு, 12. கரண்டியை அடிவரை விட்டுத் துழாவினால்தான் பருப்பு தட்டுப்படும் சாம்பார், கண்ணாடி மாதிரி மோர், ஒரு கரண்டிப் பொரியல், எல்லாம் சேர்ந்து 6. சாயங்காலம் டீ, ஒரு பஜ்ஜி: 3. ராத்திரி மூன்று பரோட்டா, கறியே பார்க்காத சால்னா: 15. மொத்தம் 47. கட்டுரையாளரின் 0.83-க்கே 50 வேண்டும். அவர் தூக்கிப் பிடிக்கும் எண்ணையே எட்டாத தட்டை வைத்துக்கொண்டு, இதற்கு மேல் ஆசைப்படாதே என்று அறிவுரை!

இந்தத் தட்டு இப்படி ஆனதற்குப் பையன் காரணமல்ல. ரேஷனில் அரிசி இலவசம். துவரம்பருப்பு அட்டைக்கு மாதம் 1 கிலோ. நாலு பேர் வீட்டில் அந்தப் பருப்பைப் பகிர்ந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 2 கிராம் புரதம்கூட வராது. சத்துணவில் வாரம் 5 முட்டை தருகிற அரசாங்கம் பத்தாம் வகுப்போடு நிறுத்திவிடுகிறது, சரியாக அவன் இரும்பைத் தொடுகிற வயதில்.

60 கிலோவுக்கு 1.6 என்றால் 96 கிராம். குறைவது ஏறக்குறைய 50. இதற்குக் கப்பலில் எதுவும் வரவேண்டியதில்லை. இரண்டு முட்டை, 12. கடலூர் முதுநகர் மீன் அங்காடியில் மலிவாய்க் கிடைக்கும் மத்தியோ கவலையோ 100 கிராம், 18. விருத்தாசலத்தில் ஆராய்ச்சி நிலையமே வைத்து ரகம் ரகமாய் வெளியிட்ட வேர்க்கடலை 50 கிராம், 12. கால் லிட்டர் பால், 8. கணக்கு முடிந்தது. பண்ருட்டி முந்திரியையும் சேர்க்கலாமே என்று கேட்பார்கள். தின்னுங்கள், ஆனால் புரதத்துக்காகத் தின்னாதீர்கள்; அதில் பாதி கொழுப்பு. பலாப்பழத்தில் புரதம் பேருக்குத்தான்.

இங்கேதான் வள்ளலார் வருகிறார், அல்லது இழுத்துவரப்படுகிறார். வடலூரில் 1867-ல் சத்திய தருமச்சாலையின் அடுப்பை மூட்டியவர் அவர். பசித்த வயிற்றுக்குச் சோறு போடுவதற்காக மூட்டிய அடுப்பு அது. கொல்லாமையை உயிராய்க் கடைப்பிடிக்கிற குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் நிறைய உண்டு, அவர்கள் தட்டில் முட்டையைத் திணிக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் புலால் வேண்டாம் என்பதிலிருந்து புரதம் வேண்டாம் என்பதற்குத் தாவ எந்தச் சன்மார்க்கத்திலும் படி இல்லை. மீல்மேக்கர் என்று கடைகளில் விற்கும் சோயா உருண்டை 40 கிராம், 20. வேர்க்கடலை 12. கொண்டைக்கடலை 50 கிராம் ஊறவைத்து அவித்த சுண்டல், 9. பாலோ தயிரோ கால் லிட்டர், 8. மொத்தம் 49. ஒரு கிராம் குறைகிறது. அதற்காகத் தசை உருகிவிடாது. சைவர்கள் கொஞ்சம் கூடுதலாகத் திட்டமிட்டுச் சாப்பிடவேண்டும் என்பது உண்மை. கட்டுரையாளர் அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான். வள்ளலார் பெயரைச் சொல்லிச் சாம்பார்த் தண்ணீரோடு அனுப்பிவைத்தார்.

தேறிய ஒரு வாதத்துக்கு வருவோம். பவுடர் டப்பாக்கள். இங்கே அவர் சொல்வது சரி, சொல்லப்போனால் குறைத்தே சொல்லியிருக்கிறார். கேரள மருத்துவர் சிரியக் ஆபி பிலிப்ஸும் சகாக்களும் இந்தியாவில் விற்கும் 36 புரதப் பவுடர்களைச் சோதித்து 2024-ல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 70 சதவீதத்தில் டப்பாமேல் போட்ட புரத அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சும் பூச்சிமருந்து எச்சமும் இருந்தன. விலைக்கணக்கும் போடலாம். கிலோ 2,500 ரூபாய் டப்பாவில், சொன்னபடியே இருந்தால், 800 கிராம் புரதம். கிராம் 3 ரூபாய். 6 ரூபாய் முட்டையில் கிராம் 1 ரூபாய். வேர்க்கடலையில் அதற்கும் கீழே. கிலோவுக்கு 3 கிராம் தின்னாவிட்டால் உடம்பு கரைந்துவிடும் என்று பயமுறுத்திக் கல்லாவுக்குப் பின்னால் டப்பா அடுக்கிவைத்திருக்கும் பயிற்சியாளர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். நல்ல பவுடர் கிடைத்தால் அதுவும் பாலிலிருந்து வந்த சாப்பாடுதான், விஷமில்லை, அவசியமும் இல்லை.

ஆனால் பவுடர் மோசம், ஆகவே புரதம் மோசம் என்பது என்ன தர்க்கம்? பாலில் தண்ணீர் கலக்கிறான் என்பதற்காக மாட்டை அடித்து விரட்டுவார்களா? இதில் இன்னொரு விஷமம் உண்டு. டப்பா விற்கிறவனும் இவரும் ஒரே பொய்யைத்தான் சொல்கிறார்கள்: புரதம் டப்பாவில்தான் இருக்கிறது என்று. அவன் அதைச் சொல்லி விற்கிறான், இவர் அதைச் சொல்லித் தடுக்கிறார். முட்டையும் மீனும் கடலையும் இருவர் கண்ணிலும் படவில்லை.

கடைசியாகச் சிறுநீரகம். புரதம் உடைந்தால் யூரியா உண்டாகும், அதை வெளியேற்றுவது சிறுநீரகம். ஆகவே அதிகம் தின்றால் அது தேய்ந்துவிடும் என்கிறார். நல்ல சிறுநீரகம் உள்ளவர்களிடம் நடந்த சோதனைகளில், கிலோவுக்கு 1.5 கிராமும் அதற்கு மேலும் தின்றவர்களுக்கு அப்படிக் கேடு வந்ததாகத் தெரியவில்லை. ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குப் புரதத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள், அது வைத்தியம். நொண்டிக்கு நடக்காதே என்று சொன்னதை ஊருக்கே சட்டமாக்க முடியாது. நம் ஊரில் கவலைப்படவேண்டிய இடம் வேறு. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருப்பதே தெரியாமல் திரிகிறவர்கள் ஏராளம், அவர்கள் சிறுநீரகத்தை முதலில் கெடுப்பது அந்த இரண்டும்தான். வீட்டில் சர்க்கரை நோய் இருக்கிற பையன் பயிற்சி தொடங்குமுன் ரத்தத்தில் சர்க்கரையும் கிரியேட்டினினும் பார்த்துக்கொள்வது நல்லது. இந்த ஒரு வரியை எழுதியிருந்தால் அவர் கட்டுரையால் யாருக்காவது பயன் இருந்திருக்கும்.

தனக்கு 65 கடந்துவிட்டது, காலையில் நீராகாரமும் மதியம் ஒரு பிடி சோறும் ராத்திரி இரண்டு இட்லியுமாக வாழ்கிறேன் என்று பெருமையோடு முடித்திருக்கிறார். முதியோர் ஊட்டச்சத்தைப் பற்றி 2013-ல் கூடிய பன்னாட்டு நிபுணர் குழு, 65 கடந்தவர்களுக்கு இளைஞர்களைவிடக் கூடுதலாக, கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்றது; வயதானால் தசை உணவுக்கு எளிதில் அசைந்து கொடுப்பதில்லை என்பது காரணம். அவர் 60 கிலோ இருப்பார் என்று வைத்தால்கூட 60 முதல் 72 கிராம். அவர் எழுதிய பட்டியலைக் கூட்டினால் 20 தாண்டாது. ஏழு வாதங்களையும் கேட்டு முடித்த பிறகு, இந்த விவகாரத்தில் உடனடியாகக் கவனிக்கவேண்டிய ஆள் அந்தப் பையன்கள் இல்லை, இவர்தான் என்று தோன்றுகிறது. முதலில் சிறுநீரகத்தைப் பார்த்துவிடட்டும். மருத்துவர் சரி என்றால் காலையில் நீராகாரத்தோடு இரண்டு அவித்த முட்டை, முட்டை ஆகாதென்றால் ஒரு கிண்ணம் சுண்டலும் ஒரு டம்ளர் பாலும். பிறகு நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காரட்டும். அதுவும் பளுப் பயிற்சிதான், சந்தா கட்டவேண்டியதில்லை.